மேல் கழனித் தண்ணீர்

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய ஏகாம்பரம் அண்ணா,

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு முதல் வருஷத் திதி. அகரம்தென்னில் உங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட ஆள் சொல்லியாயிற்று. உங்கள் மனைவி சரோஜா அண்ணி என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிடும்போதே ஒரு வேலையும் கொடுத்துவிட்டார்கள். "நடந்தத ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துகினு வா. எல்லாரும் குந்திகினு இருக்கசொல்ல நீயே படி."

அதற்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களைப் பார்த்து எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. உங்களிடம் சொல்கிற மாதிரி எழுதினால் வருகிறது. அவர்கள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்தன்று நான்தான் சாம்பார் பரிமாறினேன். பந்தியில் இருந்த ஒருவர், "எப்புட்றா வுழுந்தாரு?" என்று பக்கத்து இலைக்காரரைக் கேட்டார். "கழனி வரப்புல. மழ ஈரம், கால் வழுக்கிட்சாம்" என்றார் அவர். அண்ணி இரண்டடி தள்ளி நின்றிருந்தார்கள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனேன்.

நீங்கள் விழுந்தது மாசி மாதம். அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் தூறல்கூட இல்லை. அது எனக்குத் தெரியும். அந்த வரப்பை நனைத்தது யாருடைய தண்ணீர் என்பதும் தெரியும்.

என்னைத் தெரியாதவர்களும் அன்றைக்கு வருவார்கள், அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நான் சேலையூரில் குடியிருப்பவள். பெயர் உமா. எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் அறிவியல் எடுக்கிறேன். என் மாமனார் காலமானபோது அகரம்தென்னில் இருந்த அவருடைய ஒரு ஏக்கர் கழனி எங்களிடம் வந்தது. விற்றுவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். நான்தான் பயிர் வைக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். சரிவான நிலம். மேலே எங்களுடையது. நடுவில் ஒரு வரப்பு. கீழே, நீங்கள் குத்தகைக்கு எடுத்துக் கீரை போட்டிருந்த அரை ஏக்கர். அதற்கும் கீழே குட்டை. மேலே எது வழிந்தாலும் உங்கள் கழனி வழியாகத்தான் குட்டைக்குப் போக வேண்டும்.

நான் முதன்முதலாக வெண்டை விதை ஊன்றிய அன்று நீங்கள் வரப்பில் குந்தி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இன்னா டீச்சரம்மா, வெதைய ஊனறீங்களா, பொதைக்கிறீங்களா?"

"ஏண்ணா, தப்பா?"

"அவ்ளோ ஆழத்துல போட்டா இந்தப் பக்கம் மொளைக்காது. அந்தப் பக்கம் எங்கனா அமெரிக்கால போய் தல நீட்டும்."

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில்தான் நீங்கள் எனக்கு அண்ணா ஆனீர்கள். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரில் மாடம்பாக்கம் தாண்டும்போதே, இன்றைக்கு என்ன கிண்டல் செய்வாரோ என்று நினைத்துக்கொண்டுதான் வருவேன்.

மற்ற நாட்களில் எனக்குப் பள்ளிக்கூடம். தண்ணீர் பாய்ச்ச யார் இருக்கிறார்கள்? அதற்காகத்தான் அந்த மொபைல் ஸ்டார்ட்டரை வாங்கி மோட்டார் கொட்டகையில் மாட்டினேன். சிம் கார்டு போட்ட ஒரு பெட்டி. சேலையூரிலிருந்து போன் செய்தால் அகரம்தென்னில் மோட்டார் ஓடும். இன்னொரு போன் செய்தால் நிற்கும். ஓடினாலும் நின்றாலும் எனக்குச் செய்தி வந்துவிடும். கரன்ட் போய்த் திரும்பி வந்தால் தானாகவே ஓடவும் அதில் ஒரு வசதி உண்டு. உங்களுக்குச் செய்து காட்டினேன்.

"அட! போன் போட்டா தண்ணி வருது. அப்டியே இன்னொரு போன் போட்டுக் களையும் எடுக்கச் சொல்லுங்க டீச்சரம்மா."

சிரித்து முடித்துவிட்டு, "போதும்னு அதுக்கு எப்டித் தெரியும்?" என்று கேட்டீர்கள்.

"ரெண்டு மணி நேரம்னு கணக்கு வச்சிருக்கேன்ணா."

"ஓகோ" என்றீர்கள். அவ்வளவுதான்.

ஆசிரியர்கள் அறையில் அந்தப் பெட்டியைப் பற்றி நான் அடித்துக்கொண்ட பெருமை கொஞ்சமில்லை. இரண்டாவது பீரியடில் போனை எடுத்து, "இப்ப என் தோட்டத்துக்குத் தண்ணி பாயுது பாருங்க" என்பேன். வெயிலோ, முந்தின நாள் மழையோ, இரண்டு மணி நேரம் ஓடும். சில நாள் நிறுத்த மறந்து மூன்று மணி நேரம் ஓடும். விவசாயத்துக்குக் கரன்ட் இலவசம். கிணறும் எங்களுடையது. யார் என்னைக் கேட்கப்போகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை யூரியாவைத் தூவிவிட்டு வருவேன். திங்கட்கிழமை போனில் தண்ணீர் விடுவேன். அது செடி வேருக்குப் போயிற்றா, வழிந்து ஓடியதா என்று ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. அதே வாரம் எட்டாம் வகுப்பில் நிலத்தடி நீரைச் சேமிப்பது பற்றிப் பாடம் நடத்தியிருப்பேன். ஐந்து வழிமுறைகளை எழுதாத பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன், அண்ணா.

முதல் தடவை நீங்கள் வந்து சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. தொப்பி போட்டுக்கொண்டு கத்தரிச் செடிகளுக்கு நடுவில் நின்றிருந்தேன்.

"டீச்சரம்மா, வியாழக்கெழம உங்க தண்ணி நம்ம பாத்திக்கு வந்துட்சு. மொளக்கீர வெதச்சி ரெண்டு நாள்தான் ஆவுது. வெதையெல்லாம் அடிச்சிகினு போய் மூலைல ஒதுங்கி கீது."

கீரை விதை கடுகைவிடச் சின்னது. ஒரு கை தண்ணீர் வேகமாக வந்தால் போதும், பாத்தியே காலி. ஒரு விதைப்பு போனால் மூன்று வாரத்துக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் உங்கள் இடம் வெறுமையாக இருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நான் என்ன சொன்னேன்?

"சரிவுன்னா தண்ணி கீழதானே வரும்ணா. நீங்க வரப்பக் கொஞ்சம் ஒசத்திக்கக் கூடாதா?"

வகுப்பில் பேசுகிற அதே குரலில்தான் சொன்னேன். நீங்கள் வரப்பின் நீளத்தை ஒரு தடவை பார்த்தீர்கள். பிறகு, "செஞ்சுடலாம்" என்றீர்கள். அடுத்த ஞாயிறு வந்தபோது வரப்பு ஒரு சாண் உயர்ந்திருந்தது. என் பக்கத்து மண்ணை நீங்கள் தொடவில்லை. உங்கள் கழனியிலிருந்தே வெட்டிப் போட்டிருந்தீர்கள்.

பிறகு குட்டையில் பாசி ஏறியது. கீரைக்கட்டுகளை அங்கே அலசித்தான் வண்டியில் ஏற்றுவீர்கள். தண்ணீர் பச்சையாகி நாற்றம் எடுத்ததும் வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து அலச ஆரம்பித்தீர்கள். "ஏண்ணா கொடத்துல?" என்று நானே ஒருநாள் கேட்டேன். "பாசி பிடிச்சிட்சி டீச்சரம்மா, ஒரே பேஜாரு" என்றீர்கள். என் யூரியா கரைந்து வந்துதான் பாசி என்று நீங்கள் சொல்லவில்லை. அறிவியல் டீச்சரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தீர்களோ?

கொட்டகைச் சாவி ஒன்று உங்களிடம் இருந்தது. நாளாக நாளாக, என் தண்ணீர் வரப்பைத் தொடும்போதெல்லாம் நீங்களே மேலே ஏறிப்போய் மோட்டாரை நிறுத்த ஆரம்பித்தீர்கள். "ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்று கேட்டேன். "நீங்க கிளாஸ்ல இருப்பீங்க. இன்னாத்துக்குத் தொந்தரவு" என்றீர்கள். எனக்கு 'மோட்டார் நின்றது' என்று செய்தி மட்டும் வரும். நீங்கள்தான் நிறுத்தினீர்கள் என்று புரிந்துவிடும். நன்றி தோன்றியதா? பொய் சொல்ல மாட்டேன். சில நாள் எரிச்சல்தான் வந்தது. கடைசி வரிசைச் செடிகளுக்குத் தண்ணீர் எட்டியிருக்காதே, அதற்குள் நிறுத்திவிட்டாரே என்று தோன்றும்.

அந்த மாசி மாதத்து நாளும் அப்படித்தான்.

திருப்புதல் தேர்வு நடந்துகொண்டிருந்தது. நான் மேற்பார்வையில் இருந்தேன். பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கைப்பையில் போன் அதிர்ந்தது. மோட்டார் நின்றது என்று செய்தி. நீங்கள்தான் என்று தெரிந்தது. இன்னும் அரை மணி நேரம் ஓடினால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு திரும்ப ஓட விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் வாய்விட்டுப் படிக்க வேண்டியது இந்த ஒரு வரிதான் அண்ணா. நீங்கள் நிறுத்தினீர்கள் என்று தெரிந்தே நான் திரும்ப ஓட விட்டேன்.

மோட்டாரை நிறுத்திவிட்டு நீங்கள் பாதி வரப்பு இறங்கியிருப்பீர்கள். பின்னால் மோட்டார் சத்தம் கேட்டிருக்கும். திரும்பியிருப்பீர்கள். களிமண் போட்டு உயர்த்திய வரப்பு அது. என் தண்ணீரில் ஊறிப்போயிருந்தது. அங்கேதான் கால் போயிற்று. இடுப்பு எலும்பு முறிந்து நீங்கள் விழுந்து கிடக்க, மேலே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி சோறு எடுத்துக்கொண்டு வந்தபோதுதான் உங்களைப் பார்த்தார்கள்.

மறுநாள் மாலை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கட்டிலைச் சுற்றி உங்கள் சொந்தக்காரர்கள். மேடவாக்கத்திலிருந்து உங்கள் மகள் கஸ்தூரி அழுதுகொண்டே அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். எல்லோரும் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "கால் வழுக்கிட்சி. வுடுங்கப்பா" என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"மோட்டாரு நின்னுட்சா டீச்சரம்மா?"

"நின்னுடுச்சுண்ணா."

அது என்னைக் காட்டிக்கொடுக்காமல் கேட்ட கேள்வியா, நிஜமாகவே கீரைப் பாத்தியைப் பற்றிய கவலையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார். "இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது உமா? அவரே சொல்லலையே. வயசானவர் விழறது சகஜம்தான், சீக்கிரம் எழுந்து நடந்துடுவார்" என்றார். உங்களுக்கு அப்போது ஐம்பத்தெட்டுதான். அந்தப் பேச்சு எனக்குச் சௌகரியமாக இருந்தது, பிடித்துக்கொண்டேன்.

நீங்கள் எழுந்து நடக்கவில்லை. ஆபரேஷன், வீடு, படுக்கை, புண், கடைசியில் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். நான்கு மாதம். ஒவ்வொரு ஞாயிறும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அண்ணி உள்ளே காபி போடப் போகிற சமயத்தில் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். நீங்கள் உடனே, "வெண்டக்கா எப்டி கீது?" என்று கேட்டுவிடுவீர்கள். ஆனி மாதம் போய்விட்டீர்கள். சாவுக்குக் காரணம் நுரையீரல் என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எழுதியிருந்தது. அந்தக் காகிதத்தை எத்தனை தடவை மனசுக்குள் எடுத்துப் படித்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியுமா? அதில் என் பெயர் இல்லையே என்று படிப்பேன்.

நீங்கள் போன பிறகு அண்ணி தனியாகவே கீரை போட்டார்கள். நான் கழனிப் பக்கமே வரவில்லை. போனில் தண்ணீர் விடுவதை மட்டும் நிறுத்தவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தேன். ஆடி மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம் அண்ணி போன் செய்தார்கள். எங்கள் பக்கம் கரன்ட் போய் வந்திருக்கிறது. மோட்டார் தானாகவே ஓட ஆரம்பித்திருக்கிறது. நான் செய்தியைப் பார்க்கவில்லை.

"டீச்சரம்மா, அரக்கீர பாத்தி ஆறும் முழுவிப்போச்சி. உங்க கொட்டாச் சாவி எங்க வெச்சாருன்னு தெரியல. நிறுத்த இப்ப ஆளில்லம்மா."

குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னார்கள், அவ்வளவுதான். நான் போனிலேயே மோட்டாரை நிறுத்தினேன். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் என் தண்ணீர் போன வழியே நான் நடந்தேன். என் வெண்டை வரிசைகள் எல்லாம் சரிவோடு சரிவாக, மேலிருந்து கீழே நேராக ஓடின. ஒவ்வொரு உழவுச் சாலும் ஒரு வாய்க்கால். மேல்மண் அரித்துக் கல் தெரிந்தது. தெற்கு மூலையில் தண்ணீர் வரப்பை உடைத்திருந்தது. உடைப்பைத் தாண்டி உங்கள் பக்கம் இறங்கியபோதுதான் அதைப் பார்த்தேன். உங்கள் பாத்திகளைச் சுற்றி நீங்கள் ஒரு சின்னக் கால்வாய் வெட்டியிருந்தீர்கள். சிமென்ட் சாக்கில் மண் நிரப்பி ஓரம் கட்டியிருந்தீர்கள். வளைவில் உடைந்த ஓடுகளைப் பதித்திருந்தீர்கள். நல்ல விளைநிலத்தில் இரண்டு பாத்தி அகலம் அதற்கே போயிருந்தது. என் தண்ணீரை உங்கள் கீரைக்குப் பக்கத்தில் வழிவிட்டுக் குட்டைக்கு அனுப்ப, எனக்குத் தெரியாமல், எத்தனை நாள் வேலை செய்தீர்கள் அண்ணா?

அண்ணி முழுகிய பாத்தியில் நின்று தண்ணீரைத் தட்டால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். இருவரும் இறைத்தோம். மூன்றாவது பாத்தி முடிந்ததும் சொல்லிவிட்டேன். முழுவதும் சொன்னேன். தேர்வு அறை, கைப்பை, மேசைக்கு அடியில் போன், எல்லாம்.

அண்ணி தட்டைக் கீழே வைத்தார்கள்.

"அவரு நிறுத்துனாருன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சே ஓட வுட்ட."

"ஆமா."

"நாலு மாசம் கெடந்தாரு. வாரா வாரம் பழத்தத் தூக்கிகினு வந்த. எங்கையால காபி குடிச்ச. ஒரு நாள் சொல்ல வாய் வரல உனக்கு?"

நான் அழுதேன். "அழுவாத" என்று அதட்டினார்கள். "நீ அழுதா நான் உன்னைத் தேத்தணும். அது என்னால ஆவாது. போ."

வந்துவிட்டேன். அதுவரை நான் அண்ணிக்கு 'டீச்சரம்மா', 'நீங்க'. அன்றிலிருந்து 'நீ'. அந்த 'நீ' தண்டனையா உறவா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எதுவாக இருந்தாலும் மாற்றச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

பத்து நாள் கழித்து அண்ணியே போன் செய்தார்கள். மன்னிப்பு பற்றி ஒரு வார்த்தை இல்லை. "உன் தண்ணி ஒரு சொட்டு என் கழனிக்கு வரக்கூடாது. இன்னா பண்ணுவியோ பண்ணு" என்றார்கள்.

முதலில் அந்த ஸ்டார்ட்டரைக் கழற்றினேன். பெட்டிமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. போய்ப் பார்க்காமல் இருந்தது அது இல்லையே. பிறகு வேளாண்மை அலுவலகத்தில் போய்க் கேட்டேன். ஒரு அம்மா கழனிக்கே வந்து மேலும் கீழும் நடந்து பார்த்தார். "மேடம், நீங்க செடிக்குத் தண்ணி விடலை. தண்ணிக்கு ரோடு போட்டுக் குடுத்திருக்கீங்க" என்றார். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கக் காட்டிக் கொடுத்தார். சரிவுக்குக் குறுக்கே கயிறு பிடித்து எல்லா வரிசைகளையும் திருப்பிப் போட்டோம். வரப்புக்கு மேல்புறம், என் நிலத்தில், முழங்கால் ஆழத்துக்கு நீளமாக ஒரு பள்ளம் வெட்டினோம். அதன் ஓரம் முழுக்க வெட்டிவேர் நட்டேன். செடிகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டேன். இப்போது கையால் மண்ணைத் தோண்டி, பிடித்தால் உருண்டை பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மோட்டாரைப் போடுகிறேன். யூரியாவையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வைக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம், வாரத்தில் மூன்று நாள், நேரில் வருகிறேன்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. ஐப்பசியில் கொட்டிய முதல் மழையில் என் பள்ளம் ஒரு மணி நேரத்தில் நிரம்பித் தெற்கு மூலையில் வழிந்துவிட்டது. குடை பிடித்துக்கொண்டு ஓடிவந்தபோது அண்ணி வரப்புக்குக் கீழே மண்வெட்டியோடு நின்றிருந்தார்கள். "பள்ளம் வெட்டுனியே, தண்ணி குந்த எடம் வெட்டுனியா?" என்றார்கள். அடுத்த வாரம் அந்த மூலையில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டினோம். கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் பெய்தபோது குழி நிரம்பியது, பள்ளம் நிரம்பியது, வரப்பு காய்ந்தே நின்றது என்று சொல்ல முடியாது, மழை ஆயிற்றே. ஆனால் என் கழனியிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் கீழே இறங்கவில்லை. அண்ணியின் முளைக்கீரை மழை அடியைத் தாங்கிக்கொண்டு நின்றது. அவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, "மொளச்சிகினு கீது" என்றார்கள். என்னைப் பார்த்துச் சொன்னார்களா, பாத்தியைப் பார்த்துச் சொன்னார்களா? நான் திரும்பிக் கேட்கவில்லை.

குட்டை இன்னும் முழுதாகத் தெளியவில்லை. பாசி ஓரத்தில் மட்டும் இருக்கிறது. அண்ணி இன்னமும் குடத்துத் தண்ணீரில்தான் கட்டுகளை அலசுகிறார்கள்.

இன்னொரு செய்தி சொல்ல வேண்டும். இந்தச் சித்திரை வெயிலில் அண்ணியின் போர்வெல் வற்றிக் காற்று வாங்கிவிட்டது. என் கிணற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. வழக்கமாகச் சித்திரையில் என் கிணறு அடியில் பாறை தெரியும். இந்த வருஷம் இரண்டு ஆள் மட்டம் நின்றது. எனக்குக் கேட்கத் துணிவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று நான் எந்த முகத்தோடு கேட்பது? இரண்டு நாள் கீரை வாடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மூன்றாம் நாள் காலையில் அண்ணி வரப்புவரை வந்தார்கள். உங்கள் மறைவுக்குப் பிறகு அவர்கள் அந்த வரப்பில் கால் வைத்து நான் பார்த்ததில்லை.

"நாலு பாத்திக்கு மட்டும் தண்ணி குடு."

"குடுக்கறேன் அண்ணி."

"பைப்புல குடு. கொஞ்சமா தொற. நான் கீழ நிக்கிறேன், நீ மேல நில்லு. போதும்னா ஒடனே நிறுத்தணும்."

நின்றேன். ஒரு பாத்தி நிறைந்தது, அண்ணி மடையைத் திருப்பினார்கள். இரண்டாவது, மூன்றாவது. கை வால்வின்மேலேயே இருந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, நான் மணியைப் பார்க்கவில்லை. நான்காவது பாத்தியில் தண்ணீர் ஓரத்தைத் தொடுவதற்கு முன் அண்ணி கையைத் தூக்கி, "போதும் உமா" என்றார்கள். நிறுத்தினேன்.

அவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அன்று மாலைதான், "வருஷத்துக்கு வா, எழுதிகினு வா" என்று சொன்னார்கள். "எங்கிட்ட மட்டும் சொன்னா போதுமா? அன்னிக்கு அத்தினி பேரு எதிர்ல சும்மா இருந்த. கஸ்தூரி இன்னும் மழைன்னுதான் நெனச்சிகினு கீறா."

கஸ்தூரியின் முகத்தைப் பார்த்து இதைப் படிக்கப் பயமாக இருக்கிறது, அண்ணா. அவள் எழுந்து போய்விடலாம். என்னைப் போகச் சொல்லலாம். உங்கள் தம்பிகள் என்ன சொல்வார்களோ தெரியாது. என் வீட்டுக்காரர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். தனியாகச் செய்த காரியத்தைத் தனியாகவே சொல்கிறேன்.

நீங்கள் ஏன் என்னை ஒரு தடவைகூடத் திட்டவில்லை? திட்டியிருந்தால் நான் திருந்தியிருப்பேனா, இல்லை இன்னும் உயரமாக வரப்பைக் கட்டச் சொல்லியிருப்பேனா? பதிலை உங்களிடம் கேட்க முடியாதபடி செய்துகொண்டவள் நான்தான்.

ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு வரியையும் விழுங்காமல் படிப்பேன். அதற்குப் பிறகு அங்கே எனக்கு இடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மேல் கழனியை விற்க மாட்டேன். விற்றால் அடுத்து வருகிறவர் தண்ணீரை எப்படி விடுவாரோ? அண்ணி கேட்கிற நாளில் தண்ணீர் கீழே போகும். கேட்காத நாளில் ஒரு சொட்டும் போகாது. போகிற நேரம் முழுக்க வால்வில் கை வைத்துக்கொண்டு நான் அங்கே நிற்பேன்.

உங்களை அண்ணா என்று கூப்பிட்ட,
கூடப் பிறக்காத தங்கச்சி,
உமா